மார்கழி இருட்டில் சைக்கிள்: விளக்கு வாங்குவதும் மாட்டுவதும்

வேலூரில் குளிர்காலம் என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வெயிலூர் என்று பட்டப்பெயர் வாங்கிய ஊர் இது. ஆனால் மார்கழியில் காலை ஐந்தரைக்குப் பாலாற்றுப் பாலத்தின் மேல் சைக்கிள் மிதித்துப் பாருங்கள். ஆற்றுப் படுகையிலிருந்து பனி எழுந்து நிற்கும். தெருவிளக்கின் வெளிச்சம் அதில் கரைந்து போயிருக்கும். எதிரே ஒரு லாரி முழு வெளிச்சத்தோடு வந்து கண்ணைப் பறித்துவிட்டுப் போனால், இரண்டு மூன்று நொடிக்கு நாம் சாலையில் இருக்கிறோமா ஆற்றில் இருக்கிறோமா என்றே தெரியாது.

நவம்பர் கடைசியில் இங்கே மாலை 5.45க்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. ஜனவரி நடுவில் காலை 6.35 தாண்டித்தான் உதிக்கிறது. ஆக, காலை 6 மணி ஷிப்டுக்குப் போகிறவருக்கும் மாலை 6 மணிக்கு வேலை முடித்துத் திரும்புகிறவருக்கும் கார்த்திகையிலிருந்து தை வரை பயணம் இருட்டில்தான். காட்பாடியில் ரயில் பிடிக்க ஓடுகிறவர்கள், ஆஸ்பத்திரி வேலைக்காரர்கள், ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழிற்சாலைக்கு மிதிக்கிறவர்கள், பேப்பர் போடும் பையன்கள் எல்லோருக்கும் இதே கதை. இந்த வருஷம்தான் சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கிறீர்கள் என்றால், இது உங்களுக்கு.

என் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் நான் நல்ல விலை கொடுத்து வாங்கியது முன் விளக்கு மட்டும்தான். பின்னால் போனால் போகிறது என்று மலிவாக ஒரு சிவப்பு விளக்கை சீட்டுக் கம்பியில் மாட்டினேன். ஒரு மாதம் ஓடியது. ஒரு நாள் டீக்கடையில் ஆட்டோ அண்ணன் ஒருவர், “தம்பி, தினமும் பார்க்கிறேன். பின்னாடி ஒரு லைட் வாங்கிப் போடக்கூடாதா? இருட்டுல ஆளே தெரியலை” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எரியுதுண்ணா, வந்து பாருங்க” என்று கூட்டிப்போனேன். எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கேரியரில் கட்டியிருந்த சாப்பாட்டுப் பை அதை முழுக்க மறைத்திருந்தது. குளிருக்குப் போர்த்திய சால்வையின் முனையும் அதன் மேல் தொங்கியது. ஒரு மாதமாக என் புளிசாதத்துக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

அதிலிருந்து எனக்கு ஒரே சட்டம்தான். விளக்கை வாங்கும்போதும் மாட்டும்போதும் சைக்கிளுக்குப் பின்னால் போய் நின்று யோசிக்க வேண்டும், சீட்டில் உட்கார்ந்துகொண்டு அல்ல.

முதல் காசு பின் விளக்குக்கு

முன்னால் வருவதை மங்கலாகவாவது நாமே பார்த்துக்கொள்ளலாம், பிரேக் பிடிக்கலாம். முதுகுக்குப் பின்னால் வருகிறவனை நாம் பார்க்கப் போவதில்லை, அவன்தான் நம்மைப் பார்க்க வேண்டும். அதனால் கையில் இருப்பது 500 ரூபாய் என்றால், பாதிக்கு மேல் பின் விளக்குக்குப் போகட்டும்.

பின் விளக்கு சிவப்பாகத்தான் இருக்க வேண்டும். கடையில் நீலம், பச்சை, ஏழு வண்ணம் என்றெல்லாம் மின்னும். அதெல்லாம் திருவிழாவுக்குச் சரி. பின்னால் வருகிற டிரைவர் சிவப்பைப் பார்த்தால், நமக்கு முன்னால் ஒரு வண்டி அதே திசையில் போகிறது என்று யோசிக்காமலே புரிந்துகொள்வார். அந்தப் பழக்கத்தைக் கெடுக்கக்கூடாது. விளக்கு தரும் வெளிச்சத்தை லூமென் என்ற அளவில் சொல்வார்கள். 20 லூமெனிலிருந்து 50 லூமென் வரை இருந்தால் இரவுக்குப் போதும். பக்கவாட்டிலும் தெரிகிற மாதிரி கண்ணாடி சற்று வளைந்திருந்தால் இன்னும் நல்லது. கிரீன் சர்க்கிள் மாதிரி நாலா பக்கமும் வண்டி வந்து கலக்கும் இடத்தில் அது உதவும்.

மின்னுவதா, நிலையாக எரிவதா? மின்னுகிற விளக்கு சீக்கிரம் கண்ணில் படும், உண்மைதான். ஆனால் இருட்டில் மின்னுகிற ஒற்றைப் புள்ளியை வைத்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது கஷ்டம். ஒரே விளக்கு என்றால் நிலையாக எரியவிடுங்கள். இரண்டு வாங்க முடிந்தால் ஒன்று நிலையாக, இன்னொன்று மின்னட்டும். ஒன்று வழியில் நின்றுபோனாலும் இன்னொன்று இருக்கும். எனக்கு இரண்டு விளக்கு என்பது ஆடம்பரமாகத் தெரியவில்லை.

முன் விளக்கு: அட்டையில் உள்ள எண்ணை நம்பாதீர்கள்

உங்கள் வழி எப்படிப்பட்டது என்று முதலில் பாருங்கள். பஜார், அண்ணா சாலை, காந்தி நகர் என்று வெளிச்சமான தெருக்களிலேயே போகிறீர்கள் என்றால் 100 லூமெனிலிருந்து 200 லூமென் வரை போதும். அங்கே விளக்கின் வேலை நம்மைக் காட்டுவது. ஊரைத் தாண்டி ஏரிக்கரை, வயல்வெளி, கிராமத்துச் சாலை என்றால் 300லிருந்து 500 வரை வேண்டும். பள்ளத்தையும் வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடையையும் அங்கே விளக்குதான் காட்ட வேண்டும்.

எவ்வளவு தூரம் தெரிந்தால் போதும்? மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடிக்கு 4 மீட்டருக்குச் சற்று அதிகம் நகர்கிறோம். எதையோ பார்த்து, மூளைக்கு எட்டி, பிரேக்கை அழுத்த ஒரு நொடி. அப்புறம் சைக்கிள் நிற்க இன்னும் 3 மீட்டர். ஆக 7 மீட்டர், அதுவும் காய்ந்த சாலையில், நல்ல பிரேக்கில். பழைய கம்பி பிரேக், நனைந்த இரும்பு ரிம் என்றால் இதைப்போல இரண்டு பங்கு வைத்துக்கொள்ளுங்கள். அதனால் 15 மீட்டராவது தெளிவாகத் தெரிய வேண்டும். அவ்வளவு தெரியவில்லை என்றால் மெதுவாகப் போவதைத் தவிர வழியில்லை.

இப்போது அட்டைப்பெட்டி. 250 ரூபாய் விளக்கின் மேல் 1000 லூமென் என்று அச்சடித்திருப்பார்கள். சோதிக்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. சாதாரண எல்இடி ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமென் கொடுக்கும். 1000 லூமென் என்றால் 10 வாட். பேட்டரியின் கொள்ளளவு 1200 எம்ஏஎச், அதாவது 1.2 ஆம்பியர் அவர், என்று போட்டிருந்தால், அதை லித்தியம் பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்குங்கள். 4.4 வாட் அவர் வரும், அதாவது 4.4 வாட் விளக்கை ஒரு மணி நேரம் எரிக்கும் சக்தி. பத்து வாட் விளக்கை அது அரை மணி நேரம்கூடத் தாங்காது. பெட்டியிலோ 6 மணி நேரம் எரியும் என்று எழுதியிருக்கும். இரண்டில் ஒன்று பொய், பெரும்பாலும் இரண்டும். 2000 எம்ஏஎச் பேட்டரியோடு 300 லூமென் என்று அடக்கமாகப் போட்டிருக்கும் விளக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரியும். கணக்கு ஒத்துவருகிறது, அதை வாங்கலாம்.

சார்ஜ் போடும் துளை டைப் சி ஆக இருந்தால் போன் சார்ஜரிலேயே போட்டுக்கொள்ளலாம். மழைக்கு ஐபிஎக்ஸ் 4 என்ற குறி இருக்க வேண்டும். எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும் என்று அர்த்தம். ஐபிஎக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முதலாவதே போதும், துளையை மூடும் ரப்பர் இறுக்கமாக இருந்தால்.

டைனமோவை ஒதுக்காதீர்கள்

பெரிய கருப்பு சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு, டயரில் உரசும் உருளை சுற்றி மின்சாரம் தரும் டைனமோ இன்றும் நல்ல யோசனை. சார்ஜ் போட மறந்துவிட்டேன் என்ற பேச்சே கிடையாது. யாரும் கழற்றிக்கொண்டு போவதும் அபூர்வம். லைட் இல்லாமல் வந்தால் போலீஸ்காரர் நிறுத்தி டயர் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்று பயந்த காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த பொருள்தான்.

வழக்கமான டைனமோ 6 வோல்ட், 3 வாட். முன் பல்புக்கு 2.4 வாட், பின் பல்புக்கு 0.6 வாட் என்று பங்கு. ஒரு பல்பு பியூஸ் போனால் மொத்தமும் மற்றதன் மேல் ஏறி அதுவும் போய்விடும். ஒன்று போனதும் உடனே மாற்றுங்கள். குண்டு பல்புக்குப் பதிலாக எல்இடி போடலாம், ஆனால் டைனமோவுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். டைனமோ தருவது மாறுமின்சாரம். பேட்டரி எல்இடியை நேரே சேர்த்தால் துடிக்கும், இறக்கத்தில் வேகமெடுத்தால் கருகும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது கோணம். டைனமோவின் நடு அச்சை மனதுக்குள் ஒரு கோடாக நீட்டினால், அது சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பின் மையத்தைத் தொட வேண்டும். விலகியிருந்தால் உருளை டயரைத் தேய்த்துத் தின்றுவிடும், மிதிக்கவும் கனக்கும். உருளை தொட வேண்டியது டயரின் பக்கச்சுவர், ரிம் அல்ல. எரிய வேண்டாதபோது இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. விளக்குக்குப் போவது ஒரே ஒயர்தான். திரும்பி வருவது சைக்கிள் பிரேம் வழியாக. அதனால் கிளாம்ப்பில் உள்ள கூர் ஸ்க்ரூ பெயின்ட்டைக் கீறி இரும்பைத் தொட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் எரியவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

இதன் குறை தெரிந்ததே. நின்றால் அணைந்துவிடும். நன்றாக நனைந்த டயரில் உருளை வழுக்கும். அதனால் டைனமோ வைத்திருப்பவர்களும் பின்னால் பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். சிக்னலில் நிற்கும்போதுதான் பின்னால் வெளிச்சம் அதிகம் தேவை.

பின் விளக்கை மாட்டுவது

கேரியர் உள்ள சைக்கிள் என்றால் சீட்டுக் கம்பியை மறந்துவிடுங்கள். கேரியரின் கடைசிக் குறுக்குக் கம்பிதான் சரியான இடம். பை, மூட்டை, உட்கார்ந்து வரும் பிள்ளை எதுவும் மறைக்காது. நடுவில் மாட்ட முடியாவிட்டால் வலது ஓரம். நம்மை முந்துகிற வண்டிகள் அந்தப் பக்கமாகத்தானே வருகின்றன. கேரியருக்கென்று தனி கிளாம்ப் கிடைக்காவிட்டால் இரண்டு பிளாஸ்டிக் கேபிள் டை போதும், ஆனால் பழைய டியூப் துண்டு ஒன்றை அடியில் வைத்துக் கட்டுங்கள். எந்தப் பஞ்சர் கடையிலும் சும்மாவே தருவார்கள்.

கேரியர் இல்லாத கியர் சைக்கிளில் சீட்டுக் கம்பிதான் வழி. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. சீட்டுக் கம்பி நேராக நிற்பதில்லை, பின்பக்கம் ஏறத்தாழ 18 டிகிரி சாய்ந்திருக்கிறது. விளக்கை அதன் மேல் அப்படியே பட்டையாக மாட்டினால் விளக்கின் முகமும் அதே 18 டிகிரி தரையைப் பார்க்கும். 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், வெளிச்சத்தின் மையம் உங்களுக்கு 2 மீட்டர் பின்னாலேயே தாரில் விழுந்துவிடும். ஐம்பது மீட்டர் தள்ளி வருகிற பஸ்காரருக்குக் கிடைப்பது ஓரத்து மிச்சம். விளக்கின் கீழ்ப்பகுதிக்கும் கம்பிக்கும் நடுவே ரப்பர் துண்டு ஒன்றை மடித்துச் செருகினால் முகம் நிமிரும். தரைக்குச் செங்குத்தாக, நேர் பின்னால் பார்க்க வேண்டும்.

மாட்டியாயிற்றா? இப்போது மிக முக்கியமான வேலை. தினமும் எப்படிப் போவீர்களோ அப்படியே தயாராகுங்கள். பை, டிபன் கேரியர், ஸ்வெட்டர், சால்வை எல்லாம் இருக்கட்டும். தம்பியையோ வீட்டுக்காரரையோ சைக்கிளில் உட்கார வைத்து, இருட்டான தெருவில் ஐம்பது அடி எடுத்து வைத்துப் பின்னால் போய் நின்று பாருங்கள். பிறகு இரண்டு பக்கமும் சாய்வாக நின்று பாருங்கள். நான் இதை ஒரு மாதம் தாமதமாகச் செய்தேன்.

முன் விளக்கை மாட்டுவது

சாதாரண சைக்கிளின் ஹேண்டில்பார் பிடிக்கும் இடத்தில் 22 மில்லிமீட்டர் தடிமன். கியர் சைக்கிள்களில் நடுப்பகுதி 25.4 அல்லது 31.8. விளக்கின் கிளாம்ப் எதற்குப் பொருந்தும் என்று வாங்கும்போதே கேளுங்கள். தளர்வாக இருந்தால் டியூப் துண்டைச் சுற்றிவிட்டு இறுக்குங்கள். ரப்பர் பட்டையால் இழுத்து மாட்டும் விளக்குகள் வசதியானவைதான், ஆனால் நம் ஊர் வெயிலில் அந்த ரப்பர் ஒரே வருஷத்தில் வெடிக்கும். ஸ்க்ரூ கிளாம்ப்தான் நிற்கும்.

முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் என்றால் ஹேண்டில்பாரில் மாட்டிப் பயனில்லை. கூடைக்குள் இருக்கும் கீரைக்கட்டுதான் பளிச்சென்று தெரியும். கூடையின் முன்பக்கக் கம்பியிலோ, முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலோ மாட்டுங்கள். பழைய சைக்கிள்களில் ஹேண்டிலுக்கு முன்னால் விளக்குக்கென்றே ஒரு இரும்புத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். இருந்தால் அதுவே நல்ல இடம்.

சாய்வை வைப்பதற்குச் சுவர் ஒன்று போதும். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி, அதாவது ஏழெட்டு அடி எடுத்து வைக்கும் தூரத்தில், சைக்கிளை நேராக நிறுத்துங்கள். விளக்கு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். 90 சென்டிமீட்டர் என்று வையுங்கள். சுவரில் விழும் வெளிச்ச வட்டத்தின் மையம் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறங்க வேண்டும். 5 மீட்டருக்கு 30 சென்டிமீட்டர் இறங்கினால் 15 மீட்டரில் தரையைத் தொடும். சாலையில் சரியாக நமக்கு வேண்டிய தூரம். விளக்கில் வெளிச்சம் மேலே சிதறாமல் வெட்டிவிடும் கண்ணாடி இருந்தால் இன்னும் உத்தமம். ஜெர்மனியில் சைக்கிள் விளக்குக்கே இப்படி மேல்பக்கம் வெட்டப்பட்ட ஒளி வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் டார்ச் மாதிரி வட்டமாக வீசுபவை. அவற்றைச் சாய்த்துத்தான் தீர வேண்டும்.

இது எதிரே வருகிறவருக்குச் செய்யும் உபகாரம் மட்டுமில்லை. மார்கழியில் விடியலுக்கு முன்பே பெண்கள் தெருவில் உட்கார்ந்து கோலம் போடுகிறார்கள். அவர்கள் கண் உயரம் நம் விளக்கு உயரத்துக்கும் கீழே. நேராக வைத்த விளக்கு அவர்கள் முகத்தில் அறையும், கோலப்பொடி எங்கே விழுகிறது என்றே தெரியாமல் போகும். அதே நேரம் கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப சாமிகள் கோயிலுக்கு நடந்துகொண்டிருப்பார்கள். இருட்டில் கறுப்பு. தரையில் விழுகிற வெளிச்சத்தில் முதலில் தெரிவது அவர்கள் பாதம்தான். சாய்த்து வைத்த விளக்கு இரண்டு பேருக்கும் நல்லது.

பனியும் மழையும்

பனி அடர்ந்திருந்தால் கை தானாகவே வெளிச்சத்தைக் கூட்டப் போகும். கூட்டாதீர்கள், குறையுங்கள். பனியின் நீர்த்துளிகள் வெளிச்சத்தை நம் கண்ணுக்கே திருப்பி அனுப்பி, முன்னால் வெள்ளைத் திரை கட்டிவிடும். விளக்கு கண்ணை விட்டு எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு குறைவாக இந்தத் திரை தெரியும். பனி அதிகமான ஆற்றோர வழியில் தினமும் போகிறவர்கள் விளக்கை ஃபோர்க்குக்கு இறக்கிவிடலாம். தாழ்ந்த வெளிச்சத்தில் பள்ளத்தின் நிழல் நீளமாக விழும், சின்னக் குழியும் கிணறு மாதிரி தெரியும். பழக இரண்டு நாள் ஆகும், அவ்வளவுதான்.

குளிரில் பேட்டரி சக்தி இழந்துவிடும் என்று வெளிநாட்டுக் கட்டுரைகளில் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். அது பூஜ்யத்துக்குக் கீழே போகிற ஊர்களின் கவலை. நமக்கு மழைதான் கவலை. புயல்மழையில் நனைந்து வந்தால் விளக்கை உடனே சார்ஜில் போடாதீர்கள். துடைத்து, துளையின் ரப்பரைத் திறந்து, ஃபேன் காற்றில் சில மணி நேரம் காயவிட்டு அப்புறம் போடுங்கள்.

ஒளிரும் பட்டை

சின்னச் செலவு, பெரிய பலன். பழைய சைக்கிள்களின் பின் மட்கார்டு நுனியில் வெள்ளைப் பெயின்ட் அடித்து, நடுவில் சிவப்பு ரிப்ளெக்டர் வைத்திருப்பார்கள். அது உடைந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பெடலில் உள்ள மஞ்சள் ரிப்ளெக்டரைக் கழற்றாதீர்கள். மேலும் கீழும் போய் வரும் இரண்டு மஞ்சள் புள்ளிகளைப் பார்த்ததும், இது சைக்கிள் என்று டிரைவருக்குப் புரிந்துவிடும். லாரிகளில் ஒட்டும் ஒளிரும் ஸ்டிக்கரில் துண்டுகள் வாங்கிப் பின் மட்கார்டில் சிவப்பும், முன் ஃபோர்க்கில் வெள்ளையும் ஒட்டலாம். ஆனால் இவை எல்லாம் பிறர் விளக்கு பட்டால்தான் ஒளிரும். விளக்கே இல்லாமல் எதிரே வரும் இன்னொரு சைக்கிள்காரருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

தேசிய நெடுஞ்சாலை ஓரம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுற்றிப் போக சோம்பல்பட்டு சர்வீஸ் ரோட்டில் எதிர்த் திசையில் போவது இங்கே வழக்கமாகிவிட்டது. அப்படிப் போனால் நீங்கள் காசு போட்டு வாங்கிய சிவப்பு விளக்கு, மேலே மோத வருகிற வண்டிக்குத் தெரியவே தெரியாது.

கழற்றி மாட்டும் விளக்கைச் சைக்கிள் ஸ்டாண்டில் விட்டுப் போகாதீர்கள், சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டு, இரண்டையும் முழுசாகச் சார்ஜ் போட்டு, கண்ணாடியில் படிந்த புழுதியை ஈரத்துணியால் துடையுங்கள். மாசி முடிந்ததும் முன் விளக்கைக் கழற்றிப் பாதி சார்ஜில் வீட்டுக்குள் நிழலான அலமாரியில் வையுங்கள். சித்திரை வெயிலில் ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிளில் விட்டால் லித்தியம் பேட்டரி உப்பிப் போகும். பின் விளக்கை அலமாரிக்கு அனுப்ப வேண்டாம், வெயிலில் நிறுத்தும்போது மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள். கோடை மழை இருட்டிக்கொண்டு வருகிற மாலையில் அது தேவைப்படும்.